திருத்தணியில் பொழுது சாய்வதற்குள்

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது எட்டு, வளர்த்தது பத்து. கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். பெற்றதில் இரண்டு தங்கவில்லை. தாயில்லாமல் போன என் கொழுந்தனார் பிள்ளைகள் நான்கும் என் கையால்தான் சோறு தின்றன. பத்தும் இன்று நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன். பஸ் போர்டில் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிப்பேன், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் ஆபீஸ் சிநேகிதிகளோடு திருத்தணிக்கு ஒருநாள் போய் வரப் போகிறாளாம். "ஆயா, அங்க ஜாலியா இன்னா இன்னா பாக்கலாம்?" என்று கேட்டாள். கேட்டவளையே பேனா எடுக்கச் சொன்னேன்.

பார்க்கிறதுக்கு என்ன குறை. குளத்தில் மீனுக்குப் பொரி போடலாம். படி ஏறி மலை மேலே நின்று ரயில் போவதைப் பார்க்கலாம். வளையல் போட்டுக்கொள்ளலாம், ராட்டினம் ஏறலாம். ஆடிக் கிருத்திகையாக இருந்தால் சாயங்காலம் தெப்பம் பார்க்கலாம். இத்தனையும் நான் பதினாறு வயதில் ஒரே பகலில் செய்தேன். அந்தப் பகலைப் போலப் பயந்து செத்த பகல் என் ஆயுசில் இன்னொன்று இல்லை.

அப்போது உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் ஊர் திருவாலங்காட்டுக்குப் பக்கம். நைனாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது, ஒரு ஜோடி மாடு இருந்தது. எனக்குக் கண்ணில் ஒரு குறை இருந்தது. பகலில் பனை உச்சியில் உட்கார்ந்திருக்கிற குருவியைக்கூடக் காட்டிக் கொடுப்பேன். பொழுது சாய்ந்தால் போச்சு. மாலைக்கண் என்பார்கள். கோழிக்கு இருட்டினால் எப்படியோ அப்படி. விளக்கு தெரியும், விளக்கு காட்டுகிற எதுவும் தெரியாது. ஒரு மஞ்சள் புள்ளி அந்தரத்தில் தொங்கும். அதற்குக் கீழே சட்டி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று கையை நீட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைத்தியர் ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுக்கச் சொன்னார். தின்னத் தின்னக் கண் திரும்பிக்கொண்டுதான் வந்தது. அந்த நேரம் பார்த்து நைனா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதலே என் கல்யாணத்துக்குத்தான். காவடிக்கு விரதம் பிடித்தால் வீட்டில் யாரும் கவுச்சி தொடக் கூடாது. ஈரல் நின்றது. சாமிக்காக நிறுத்தினதைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான் நம்பினேன். ஆடி பிறந்து கொஞ்ச நாளில், அந்தியில் வீட்டுக் கூரை எனக்கு மறுபடி கரைய ஆரம்பித்தது.

இந்தக் கண்ணால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்ப நேரமாகிவிட்டது, இருட்டில் நான் கொண்டுபோன தண்ணீர்ச் சொம்பை மாப்பிள்ளையின் மாமன் மடியில் சாய்த்துவிட்டேன். அது ஊரெல்லாம் பரவியது. இரண்டாவதாகப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தூரம் என்பதால் என் கண் சமாசாரம் அங்கே எட்டவில்லை. "இதுவும் தட்டிப்போனா மூணாவது ஒண்ணு வராதுடி" என்றாள் அம்மா. அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகச் சொன்னாள்.

எங்கள் பக்கம் அப்போது ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து தட்டு வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், மலைக்கோயிலில் ஏதோ தற்செயலாகச் சந்தித்தது போல இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், போனோம். யாருக்கும் மானக்கேடு இல்லை. கல்யாணம் என்கிற சொல் மட்டும் யார் வாயிலும் வரக் கூடாது.

அம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். காலையில் குளத்தில் முழுக்கு, காவடி, மலையில் சந்திப்பு, கீழே இறங்கிச் சாப்பாடு, வெயில் இருக்கும்போதே வண்டி ஏறிவிட வேண்டியது. ஒருவேளை நேரமாகிவிட்டால் என் சுண்டு விரலை அவள் பிடித்துக்கொள்வாள். ஒருதரம் அமுக்கினால் படி. இரண்டுதரம் அமுக்கினால் ஆள். வரும் வழியெல்லாம் வண்டிக்குள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி விரலை அமுக்கிக்கொண்டே வந்தாள்.

திருத்தணியில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. குளத்தங்கரை முழுக்க மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, பூக்காவடி. தண்ணீர் சந்தனமும் மஞ்சளுமாகக் கலங்கிக் கிடந்தது. நைனா காவடியைத் தூக்கியதும், அதுவரை மாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் ஆளே மாறிப்போனார். அவர் முன்னால் ஆடிக்கொண்டே ஏற, நாங்கள் பின்னால் ஏறினோம். உச்சியில் காற்று சேலையைப் பிடுங்கியது. கீழே ரயில் ஒரு மரவட்டை போல ஊர்ந்தது. வடக்கே திருப்பதிப் பக்கத்து மலைகள் நீலமாக, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான் அத்தனையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு கணீர்க் குரல் கேட்டது.

"அடடா, ஆலங்காட்டுக்காரங்களா! இன்னா இது, சொல்லி வெச்சா மாதிரி வந்து நிக்கிறீங்க!"

சொல்லித்தான் வைத்திருந்தது. அம்மா அதைவிடப் பெரிய ஆச்சரியம் காட்டினாள்.

அந்த அம்மாள் பருத்த உடம்பு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. பக்கத்தில் அவள் மகன். வேண்டுதல் முடித்து வந்தவர், மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் வழிய நின்றார். பெண் பார்க்க வந்த நாளில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற மாப்பிள்ளையை நான் அவர் ஒருவரைத்தான் கண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் குனிந்து என் வாயை உற்றுப் பார்த்தாள். பல்லைப் பார்க்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது.

"இன்னா சிரிக்கிற? முடி வளர்ந்துடும்மா. நானே கேரண்டி" என்றாள்.

"ஐயோ, அதுக்கு இல்ல அத்தை."

"அத்தையா? வாய்க்கு வாய் ரெடியா கீது" என்று அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இறங்கும்போது அவள் என் தோளில் கை வைத்தாள். கனமான கை. "எனக்கு ஒரு கண்ணுல பூ வுழுந்துடுச்சி. இன்னொண்ணும் மங்கல். படி எறங்குறதுன்னா கல்லு எது, காத்து எதுன்னு தெரியல. வீட்ல ஒரு பொண்ணு இருந்தா கைய புட்சிகினு போவா. எனக்குப் பொறந்தது எல்லாம் கடா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "வர்றவ எனக்குக் கண்ணா இருக்கணும், அவ்ளோதான் நான் கேக்குறது."

வர்றவள் என்று அவள் வாய் தவறிச் சொன்னதை யாரும் கேட்காதது போல நடந்துகொண்டோம். முன்னால் போன அம்மா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வெயிலில் அவள் முகம் வெளுத்திருந்தது. என் தோள் மேல் இருந்த கை அதற்குப் பிறகு இன்னும் கனத்தது.

சாப்பாடு முடிந்ததும் அம்மா வண்டி என்றாள். அந்த அம்மாள் வளையல் கடை என்றாள். வளையல்காரர் என் கையைப் பிடித்து அமுக்கி, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். "நீயே எடும்மா கலரு" என்று அவள் சொல்ல, நான் அரக்கும் பச்சையும் எடுத்துக் கொடுத்தேன். நல்ல வெளிச்சம். நிறம் பளிச்சென்று தெரிந்தது. இப்போதே எல்லா நிறத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

மறுபடி அம்மா வண்டி என்றாள். அந்த அம்மாள் ராட்டினம் என்றாள்.

"மாடு களைச்சிடுங்க, நேரமாச்சி" என்றார் நைனா.

"மாட்டுக்கு இன்னா, அதுவா காவடி தூக்கினுது? சின்னப் பொண்ணு, ஏறட்டும்."

மரத் தொட்டிலில் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். மேலே போகும்போதெல்லாம் நான் வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மற்றப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இறங்கினதும் அவள், "இன்னா தைரியம், வாயே தொறக்கல பாரு" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

மூன்றாவது முறை அம்மா வண்டி என்றபோது அந்த அம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா நீ, பறந்துகினே கீற? ஆடிக் கிருத்திகைக்கு வந்துட்டு தெப்பம் பாக்காத போவாங்களா? சாமி கோச்சிக்கும். நானும் தான் கோச்சிக்குவேன்."

அம்மா வானத்தைப் பார்த்தாள். இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் சமவெளி. வயல் விளிம்பில் சூரியன் முழுக்க இறங்குகிற வரை பொழுது இருக்கும். அந்தக் கணக்கிலேயே அம்மா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தலையாட்டினாள். மலையடியில் அந்தக் கணக்கு செல்லாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குளத்துப் படியில் போய் உட்கார்ந்தோம். நான் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தேன். பொரி விழுகிற இடத்தில் மீன் வாய்கள் வட்ட வட்டமாகத் திறந்து மூடின. திடீரென்று காற்று குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மேலே வானம் பால் மாதிரி வெளுத்திருக்க, கீழே குளம் மொத்தமும் மலை நிழலுக்குள் கிடந்தது. மறுபடி பொரி போட்டேன். மீன் வரும் சத்தம் கேட்டது. மீன் தெரியவில்லை.

அம்மாவின் சுண்டு விரலைத் தேடிக் கையை நீட்டினேன். அதற்குள் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ என் பக்கத்துல குந்து. உங்கம்மாவோட தான் தினம் இருக்குற."

அம்மா எனக்குப் பின் படியில் ஆகிவிட்டாள். அவள் மூச்சு மட்டும் என் பிடரியில் பட்டது. என்னைச் சுற்றி முகங்கள் முதலில் மூக்கு, கண் இல்லாமல் போயின. பிறகு முகமே இல்லாமல் போயின. எதிர்க்கரையில் தீவட்டி ஏற்றினார்கள் போல. அந்தரத்தில் மஞ்சள் புள்ளிகள் முளைத்தன. மேளம் தொடங்கியது. ஜனங்கள் அரோகரா போட்டார்கள். தெப்பம் கிளம்பிவிட்டது என்று காதால் தெரிந்துகொண்டேன்.

"சாமி வந்துகினு கீறாரா?" என்று அந்த அம்மாள் என் காதருகே கேட்டாள்.

"ஆங்" என்றேன். அது பொய் இல்லை. வந்துகொண்டுதான் இருந்தார்.

"எனக்கு வெறும் வெளிச்சமாத் தெரியுது. சாமிக்கு இன்னா கலர்ல பட்டு கட்டிகிறாங்கோ? சொல்லும்மா, நீ சொல்லி நான் பாக்குறேன்."

பின்னால் அம்மா இருமினாள். இருமலோடு சேர்ந்து, "பச்சை" என்று காற்றாக ஒரு சொல் வந்தது.

சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்து. மேளச் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த அம்மாளுக்கு நிறம் தெரியாது. அவளுக்கு நான் சொன்னதுதான் நிறம். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு வாய் எழவில்லை. இன்றைக்குப் பச்சை என்பேன். நாளைக்கு அவள் வீட்டில், இருட்டில், என் தோளில் கை வைத்து நடப்பாள். நான் அவளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவேனா, கிணற்றுக்குள் கொண்டுபோவேனா?

"தெரியல அத்தை" என்றேன்.

"இன்னா தெரியல? கூட்டம் மறைக்குதா?"

"கூட்டம் மறைக்கல. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாது. மாலைக்கண்ணு. வெளக்கு தெரியுது, சாமி தெரியல."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. பின்னால் அம்மா அழுத சத்தம் கேட்டது. அழாதே என்று நைனா சொல்லும் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்தது. சுற்றிலும் ஜனங்கள் அரோகரா போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் தொங்கிய மஞ்சள் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. சொன்னது நான், அழுவானேன்?

"இத மறைக்கத்தான் காலையிலேர்ந்து வண்டி வண்டின்னு துடிச்சியா?" அந்த அம்மாள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள் என்று குரல் போன பக்கத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். "பச்சைன்னு நீ ஊதுனது எனக்குக் கேட்டுச்சிம்மா. கண்ணு போனவளுக்குக் காது நல்லாவே இருக்கும்."

பிறகு அவளும் மகனும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இரண்டு பாஷையும் வீட்டில் புழங்கும். எங்களுக்குப் புரியாது என்று நினைத்தார்கள். எனக்குப் பாதி புரியும். ஒன்றே மங்கல், இதில் இன்னொரு மங்கல் வீட்டுக்கு எதற்கு என்று அவள் கேட்டாள். அன்று முழுக்க வாயைத் திறக்காத அந்த மனுஷன் அப்போதுதான் பேசினார். "ஆ பில்லே செப்பிந்தி கதாம்மா" என்றார். அந்தப் பெண் தானே சொன்னாள் அல்லவா என்று அர்த்தம். அவ்வளவுதான். வேறு வக்காலத்து ஒன்றும் வாங்கவில்லை.

அவள் குரல் என் பக்கம் திரும்பியது.

"ஈரல் துன்னியா?"

"துன்னேன். சரியாயிகினு வந்துச்சி. காவடிக்கு வெரதம்னு நிறுத்திட்டாங்க."

"நல்ல வெரதம். சாமி கேட்டாரா, உன் கண்ணக் கொண்டாந்து வைன்னு?" என்று அதட்டினாள். அப்புறம் எழுந்தாள். சேலை உதறும் சத்தம் கேட்டது. "நான் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். தை பொறக்கட்டும். உங்க ஊருக்கு நான் வரேன், பொழுது சாஞ்ச அப்புறம் வரேன். வண்டியிலேர்ந்து எறங்குற என்னை, யாரும் கூட வராத, நீ ஒருத்தியே கை புட்சி உள்ள கூட்டிகினு போகணும். போனா மேல பேசலாம். இல்லன்னா சாமி கும்பிட வந்தோம், போனோம்."

அந்த ஐந்து மாதம் நான் தின்ற ஈரலுக்கும் முருங்கைக் கீரைக்கும் கணக்கில்லை. ஈரல் வாசனை வந்தாலே குடலைப் புரட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அந்தியில் வாசலில் நின்று எதிர்வீட்டு வேலியைப் பார்ப்பேன். முதலில் இல்லை. பிறகு சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. என்னை நம்பாத அம்மா வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் என்னைக் கண்ணைக் கட்டி நடக்கப் பழக்கப் பார்த்தாள். துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

"வேணாம்மா. தெரிஞ்சா தெரியட்டும். தெரியலன்னா நான் உன் வூட்லயே கெடக்குறேன்."

தை பிறந்தது. சொன்னபடி ஒரு சாயங்காலம் வண்டி வந்தது. வேண்டுமென்றே லேட்டாக வந்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். வேலி மசமசவென்று இருந்தது. வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அம்மாவும் நைனாவும் வாசற்படிக்குள் கல்லாக நின்றார்கள். நான் மட்டும் இறங்கிப் போனேன். வண்டி ஒரு கறுப்புக் குவியலாகத் தெரிந்தது. அதிலிருந்து இன்னொரு குவியல் இறங்கியது. கையை நீட்டினேன். அந்தக் கனமான கை வந்து என் தோளில் உட்கார்ந்தது.

நடந்தோம். எனக்குப் பழகின வாசல்தான், கண் இல்லாமலும் நடக்கலாம். அது அவளுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, அவள் கை என் தோளில் இறுக்கமாகவே இருந்தது. நாலடி வைத்திருப்போம். நான் நின்று, அவளை இந்தப் பக்கம் இழுத்தேன்.

"இப்படி வாங்க அத்தை. அங்க சாணி கீது."

"எங்க?"

"உங்க மாடுதான் போட்டுக்கீது, இப்பதான். உங்க வலது காலுக்கு முன்னால."

அவள் நின்றாள். குனிந்து, மங்கலான அந்த ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, வாசனை வந்திருக்கும். பின்னால் வண்டிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவர் தலையில் முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"டேய்" என்று அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கத்தினாள். "வாயப் பொத்திகினு உள்ள வா. பொண்ணு பாக்க வந்துகீறோம்."

என் அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். நீ போய் வா. சிநேகிதிகளோடு மலை ஏறு, ராட்டினம் ஏறு, தெப்பத்துக்கு நின்று பார். இப்போது எழுதினதை எடு. என் அம்மாவைப் பற்றி நான் சொன்ன இடத்தில் அவளை ஏமாற்றுக்காரி போலத் தோன்றும்படி எழுதிவிட்டாயோ என்று எனக்குச் சந்தேகம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, பயந்தவள். முதலிலிருந்து படி, நிதானமாகப் படி. கேட்கிறேன்.